தூரிகையுடன் வந்த அகதி

ஊரை இழந்தவருக்குக் கைத்தொழிலே ஊர். நமது ஆரணியில் பட்டு நெய்யும் குடும்பங்களுள் ஸௌராஷ்டிரர்களும் உண்டு. அவர்களுடைய முன்னோர் தெற்கே வந்தபோது நிலத்தையும் வீட்டையுமா தூக்கி வந்தார்கள்? கையில் தொழிலையும் நாவில் தாய்மொழியையுமே கொண்டு வந்தார்கள். அவ்விதமே தூரிகையை நம்பிப் பாரத நாட்டுக்கு வந்து சேர்ந்த ஒரு மாதரசியை நேயர்களுக்கு அறிமுகம் செய்விக்க விரும்புகிறோம்.

ஸ்ரீமதி மாக்தா நாஹ்மன் 1889-ம் வருஷம் ருஷியாவில் பிறந்தவர். தந்தை யூதர், தாய் ஜெர்மன் வம்சத்தவர். லியோன் பாக்ஸ்ட் என்னும் பிரசித்த ஓவியரிடம் சித்திரம் பயின்றார். 1913-ல் கவி மரீனா ஸ்வெதாயெவாவின் உருவத்தைத் தீட்டினார். 1917-ல் புரட்சி மூண்டு, பழைய வாழ்வு சிதறிற்று. பிறகு மாஸ்கோவில் ஒரு தமிழ்நாட்டாரைச் சந்தித்து விவாகம் செய்துகொண்டார்.

அவர்தாம் ஸ்ரீ எம். பி. டி. ஆசார்யா. 1887-ல் சென்னையில் பிறந்து, பாரதியாரின் 'இந்தியா' பத்திரிகையுடன் தொடர்பு பூண்டு, பின்னர் ஐரோப்பா சென்ற தேசபக்தர். 1920-ல் தாஷ்கண்டில் இந்தியக் கம்யூனிஸ்டுக் கட்சியை ஸ்தாபித்தவர்களுள் ஒருவர். ஆனால் ஜனங்களின் பெயரால் சிலர் அதிகாரம் செலுத்துவதை அவர் மனம் ஒப்பவில்லை. மறு வருஷமே கட்சியிலிருந்து விலக்கப்பட்டார். அதிகார பீடமே வேண்டாம், ஜனங்கள் கூடித் தம் காரியங்களைத் தாமே நடத்திக்கொள்ள வேண்டும் என்பதே அவரது சித்தாந்தமாயிற்று.

1922-ல் தம்பதிகள் ருஷியாவை விட்டுப் பெர்லின் சேர்ந்தனர். அங்கும் நிம்மதி நிலைக்கவில்லை. 1933-ல் ஹிட்லர் ஆட்சி வந்தது. யூதரின் மகளுக்கும் இந்தியக் கணவருக்கும் அங்கே இடமேது? ஸ்விட்ஜர்லாந்து வழியாக, 1936-ல் மாக்தா பம்பாய் வந்தார்.

புது நாட்டில் அவர் முடங்கவில்லை. பம்பாய்க் கண்காட்சிகளில் அவருடைய படங்கள் இடம் பெற்றன. சாதாரண ஜனங்களின் முகங்களை அன்புடன் எழுதினார். கணவரோ ஓயாமல் கட்டுரை எழுதினார். 1947-ல் சுதந்திரம் வந்த பின்னும், ஆட்சி கைமாறியதாலேயே ஜனங்கள் விடுதலை பெற்றுவிடவில்லை என்பதே அவர் கட்சி. அத்தகைய எழுத்துக்குப் பணமும் இல்லை, பதவியும் இல்லை.

1951 பிப்ரவரி 12-ம் தேதி, தம் சித்திரக் கண்காட்சி திறக்கச் சில மணி நேரமே இருக்கையில், மாக்தா காலமானார். 1954 மார்ச்சில் ஆசார்யாவும் வறுமையிலேயே மறைந்தார்.

கொள்கையைச் சற்றே தளர்த்தியிருந்தால் ஆசார்யாவுக்குச் சுக வாழ்வு கிட்டியிருக்கக் கூடும். அவர் தளர்த்தவில்லை; மாக்தாவும் தூரிகையைக் கீழே வைக்கவில்லை. தமிழ்நாட்டின் இந்த மருமகளை நம் குழந்தைகள் அறிந்திருத்தல் நலம்.