கண்ணாடி இழையா, கம்பியில்லா அலையா?

பள்ளிபாளையத்தில் ஒரு வீட்டு மாடியில் உட்கார்ந்துகொண்டே நியூயார்க்கில் உள்ள ஓர் அலுவலகத்திற்கு வேலை பார்க்க முடியுமா? 2020-ஆம் ஆண்டு ஊரடங்கிற்குப் பிறகு இக்கேள்வி யாருக்கும் வியப்பளிப்பதில்லை. சென்னையிலும் பெங்களூரிலும் கணினி வேலையில் இருந்தவர்கள் சொந்த ஊருக்குத் திரும்பி, தறிச் சத்தத்திற்கு நடுவே வேலை பார்த்ததை நீங்களே கண்டிருப்பீர்கள். உங்கள் வீட்டிலும் ஓர் அண்ணனோ அக்காவோ அப்படி இருக்கக்கூடும்.

அவர்கள் வீட்டில் எழும் கேள்வி வேறு. “ஃபைபர் இணைப்பு வாங்குவதா, செல்போன் இணையமே போதுமா?” கடையில் கேட்டால் “இத்தனை மெகாபிட் வேகம்” என்று ஓர் எண்ணைச் சொல்வார்கள். அந்த எண்ணை நம்பி முடிவெடுத்துவிட்டு, வெளிநாட்டு மேலதிகாரியோடு பேசும்போது குரல் விட்டுவிட்டுக் கேட்டால் வேலைக்கே ஆபத்து. ஆகவே இது சிறிய கேள்வியன்று. இதற்கு விடை காண உங்கள் இயற்பியல் பாடமே பெருமளவு போதும்.

செல்போன் செய்தி வான்வழியே, செயற்கைக்கோள் மூலம் அமெரிக்கா போகிறது என்று பலர் எண்ணுகிறார்கள். அது தவறு. செல்போனிலிருந்து கிளம்பும் மின்காந்த அலை அருகிலுள்ள கோபுரம் வரைதான் செல்கிறது. அது சில நூறு மீட்டர், மிஞ்சினால் சில கிலோமீட்டர். கோபுரத்தின் அடியிலிருந்து பெரும்பாலும் கண்ணாடி இழைதான். ஆற்றைத் தாண்டினால் ஈரோடு. அங்கிருந்து சென்னை ஏறத்தாழ 400 கி.மீ. சென்னைக் கடற்கரையில் கடலடிக் கம்பிவடங்கள் காத்திருக்கின்றன. 2002-இல் இயங்கத் தொடங்கிய ‘ஐ2ஐ’ வடம் ஏறத்தாழ 3,200 கி.மீ. நீண்டு சிங்கப்பூரைத் தொடுகிறது. 2005-இல் வந்த ‘சீ-மீ-வீ 4’ சிங்கப்பூரிலிருந்து சென்னை, மும்பை, செங்கடல் வழியாகப் பிரான்சின் மார்செய் நகரம் வரை போகிறது.

வீட்டுக்கு ஃபைபர் வாங்கியவரின் செய்தியும் இதே வடங்களில்தான் பயணம் செய்கிறது. அதாவது, பதினைந்தாயிரம் கிலோமீட்டர் பாதையில் நாம் தேர்ந்தெடுப்பது முதல் ஓரிரு கிலோமீட்டரை மட்டுமே! 2025 செப்டம்பரில் செங்கடலில் வடங்கள் அறுந்தபோது ஃபைபர், செல்போன் என்ற வேறுபாடு அதற்குத் தெரியவில்லை. அவ்வழியே சென்ற செய்திகள் எல்லாமே தாமதப்பட்டன.

அப்படியானால் முதல் கிலோமீட்டர் ஏன் முக்கியம்? ஒரு கணக்குப் போடுவோம். கண்ணாடிக்குள் ஒளியின் வேகம் விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. நியூயார்க் இங்கிருந்து நேர்க்கோட்டில் ஏறக்குறைய 13,500 கி.மீ. ஒரு வழிக்கே 67 மில்லி விநாடி ஆகும். வடங்கள் நேர்க்கோட்டில் போவதில்லை. வழியில் கருவிகளும் பல. ஆதலால் உண்மையில் 100 மில்லி விநாடியைத் தாண்டிவிடும். எவ்வளவு பணம் கட்டினாலும் இதைக் குறைக்க முடியாது. இருவர் இயல்பாகப் பேசிக்கொள்ள ஒரு வழித் தாமதம் 150 மில்லி விநாடிக்குள் இருப்பது நல்லது என்பது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. கைவசமுள்ள நேரத்தில் பெரும்பகுதியைக் கடலே தின்றுவிடுகிறது. மிச்சத்தை முதல் கிலோமீட்டர் வீணாக்கக் கூடாது.

தாமதம் சீராக இருப்பதும் வேண்டும். நம் குரல் பெரும்பாலும் 20 மில்லி விநாடித் துண்டுகளாக வெட்டப்பட்டு, தனித்தனிப் பொட்டலங்களாக அனுப்பப்படுகிறது. அங்கே அவற்றை வரிசையாக ஒட்டிக் குரலாக்குகிறார்கள். ஒரு பொட்டலம் மிகவும் பிந்தி வந்தால் அது பயனற்றது, தூக்கி எறியப்படும். அதுவே “ஹலோ... ஹலோ... கேட்கிறதா?” என்ற கதை.

இப்போது கண்ணாடி இழையைப் பார்ப்போம். அதன் விட்டம் 125 மைக்ரோமீட்டர். தறியில் ஓடும் 60-ஆம் நம்பர் பருத்தி நூலின் தடிமனும் ஏறக்குறைய அதுவே. அதன் நடுவே சுமார் 9 மைக்ரோமீட்டர் அளவுள்ள உள்ளகத்தில் ஒளி ஓடுகிறது. உள்ளகத்தின் ஒளிவிலகல் எண் சுற்றியுள்ள உறையைவிடச் சற்றே அதிகம். வேறுபாடு நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆனாலும் முழு அக எதிரொளிப்பு நிகழ அது போதும். (இவ்வளவு மெல்லிய உள்ளகத்தில் ஒளியைக் கதிராகக் கருதாமல் அலையாகவே கருத வேண்டும். மேல்வகுப்பில் படிப்பீர்கள்.)

1966-இல் சார்லஸ் காவ் என்ற அறிஞர், கண்ணாடியிலுள்ள மாசுகளை நீக்கினால் ஒளி நெடுந்தொலைவு செல்லும் என்றார். ஒரு கிலோமீட்டர் கடந்தபின் நூற்றில் ஒரு பங்கு ஒளி மிஞ்சினால் போதும் என்பது அவர் வைத்த இலக்கு. 1970-இல் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனம் அதை எட்டியது. 2009-இல் காவுக்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்றைய இழையில் ஒளி பாதியாகக் குறையவே 15 கி.மீ. ஓட வேண்டும்!

கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது. எனவே பக்கத்தில் நூறு விசைத்தறி மோட்டார்கள் ஓடினாலும், மின்கம்பி ஒட்டிச் சென்றாலும், இழைக்குள் இரைச்சல் நுழையாது. நம் ஊருக்கு இது பெரிய வசதி. ஃபைபரையும் பலர் பகிர்ந்துகொள்கிறார்கள் என்பது உண்மைதான். பரவலாக உள்ள ஒரு முறையில், விநாடிக்கு 2,488 மெகாபிட் சுமக்கும் ஓர் இழையை 32 வீடுகளுக்குப் பிரிக்கலாம். எல்லா வீட்டாரும் ஒரே நொடியில் முழுமூச்சாக இழுத்தாலும் வீட்டுக்கு 77 மெகாபிட் கிடைக்கும். பேசுவதற்கு 3 அல்லது 4 போதும்.

செல்போன் அலையின் நிலை வேறு. 1948-இல் கிளாட் ஷானன் என்ற அமெரிக்கர் ஒரு விதி தந்தார். சைகை, இரைச்சலைப்போல் எத்தனை மடங்கு என்று பாருங்கள். அதனுடன் 1 கூட்டுங்கள். வரும் எண் 2-இன் எத்தனையாவது அடுக்கோ, அத்தனை பிட்டுகளே ஒரு ஹெர்ட்ஸ் அகலத்தில் ஒரு விநாடியில் செல்ல முடியும். சைகை 255 மடங்கு என்க. 256 என்பது 2-இன் 8-ஆம் அடுக்கு, 8 பிட்டுகள். 20 மெகாஹெர்ட்ஸ் அகலம் இருந்தால் 160 மெகாபிட். வீட்டுக்குள், கான்கிரீட் சுவருக்குப் பின்னால் போய்ச் சைகை 3 மடங்காகச் சுருங்கினால் 2 பிட்டுகள்தான், 40 மெகாபிட். தகரக் கூரைக்குக் கீழே இதற்கும் வழியில்லாமல் போகலாம், உலோகம் அலையைத் திருப்பி அனுப்பிவிடும்.

அந்த 40 மெகாபிட்டும் உங்களுக்கே உரியதன்று. அந்தக் கோபுரத்தின் அப்பகுதியில் உள்ளோர் அனைவருக்கும் பொது. ஐம்பது பேர் ஒரே நேரத்தில் படம் பார்த்தால் ஆளுக்கு 0.8 மெகாபிட். செல்போனில் எல்லாக் கோடுகளும் நிறைந்து தெரிந்தும் படம் சுற்றிக்கொண்டே நிற்பது இதனால்தான். கோடுகள் காட்டுவது அலையின் வலிமையை, கூட்டத்தை அல்ல.

கூட்டம் எப்போது? மாலை 7 முதல் 10 வரை, எல்லோரும் வீடு திரும்பிய பிறகு. நியூயார்க்கில் காலை 9 மணி என்றால் நமக்குக் கோடையில் மாலை 6.30, குளிர்காலத்தில் 7.30. அமெரிக்க வேலை பார்ப்பவருக்கு அலுவலகம் திறக்கும் நேரமும், கோபுரம் திணறும் நேரமும் ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன! இலண்டன் வேலையென்றால் தொல்லை குறைவு. அங்கே 9 மணி என்பது நமக்குப் பிற்பகல் 1.30 அல்லது 2.30.

இன்னொன்று. கோபுரம் பத்துக்கணக்கான வாட் ஆற்றலில் பேசுகிறது. செல்போனோ அதிக அளவாக 0.2 வாட்டில்தான் பதில் சொல்கிறது. ஆதலால் அவர்கள் படம் உங்களுக்குத் தெளிவாகத் தெரியும்போதே, உங்கள் படம் அவர்களுக்கு உடைந்து தெரியலாம். உங்களுக்கு இது தெரியவே வராது.

செலவுக் கணக்கும் உண்டு. போகும் வழியில் 3, வரும் வழியில் 3 என விநாடிக்கு 6 மெகாபிட் என்று கொள்வோம். ஒரு மணி நேரத்தில் 21,600 மெகாபிட். 8-ஆல் வகுத்தால் 2,700 மெகாபைட். நாளொன்றுக்கு 2 ஜிகாபைட் தரும் திட்டம் முக்கால் மணி நேரத்தில் தீர்ந்துவிடும். 5ஜி அலை கிடைக்கும் இடத்தில் சில திட்டங்களில் இவ்வரம்பு இல்லை. ‘ஏர்ஃபைபர்’ என்று 2023 முதல் விற்கப்படுவதையும் பெயரைக் கண்டு கண்ணாடி இழை என்று எண்ண வேண்டாம். அதன் கடைசிப் பகுதி கம்பியில்லா அலையே. மாடியில் ஏரியல் வைப்பதால் சுவரின் தொல்லை குறையும். கூட்டத்தின் தொல்லை குறையாது.

செல்போனுக்கும் நன்மைகள் உள்ளன. மின்சாரம் நின்றால் ஃபைபர் மோடம் அணைந்துவிடும். செல்போனில் பேட்டரி இருக்கிறது. தெருக்கம்பத்தில் தொங்கும் இழையை உயரமான பாரம் ஏற்றிய லாரி ஒன்று அறுத்துவிட்டால், அறுந்த நூலைப்போல் முடிச்சுப் போட முடியாது. மின்பொறியால் உருக்கி ஒட்டும் கருவியோடு ஆள் வரவேண்டும். ஆறு மாதத்திற்கு ஒரு முறை வாடகை வீடு மாறுவோருக்கும் செல்போன்தான் எளிது.

என்னைக் கேட்டால், வெளிநாட்டு வேலைக்கு ஃபைபரே முதன்மை. சுமார் 10 வாட் எடுக்கும் மோடத்திற்கு ஒரு சிறு பேட்டரி. இழை அறுந்த நாளுக்குத் துணையாகச் செல்போன். இழையைச் சுவரில் ஆணியைச் சுற்றி மடக்கி இழுக்காதீர்கள். வளைவு கூர்மையானால் படுகோணம் மாறுநிலைக் கோணத்திற்குக் கீழே போய், ஒளி வெளியே கசிந்துவிடும்.

நீங்களே ஒரு சோதனை செய்யலாம். இணைய வேகம் அளக்கும் செயலி ஒன்றில் இறங்கும் வேகம், ஏறும் வேகம், தாமதம் ஆகிய மூன்று எண்களும் வரும். ஒரு வாரம், காலை 6 மணிக்கும் இரவு 8.30 மணிக்கும், மாடியிலும் வீட்டின் நடு அறையிலும் இவற்றை அளந்து நோட்டில் எழுதுங்கள். அண்டை வீட்டில் ஃபைபர் இருந்தால் அதே நேரங்களில் அங்கும் அளந்து, இரண்டையும் வரைபடத்தாளில் குறித்துப் பாருங்கள்.