மின்கசிவு என்கிற ஒற்றைச் சொல்

வீட்டில் எது எரிந்தாலும் காரணம் ஒன்றுதான் என்று எழுதப்படுகிறது. அடுத்த தீயைத் தடுக்க முடியாமல் போவதும் அதனால்தான்.

கோடையில் பாலக்காடு கொதிப்பது புதிதல்ல. ஆனால் 2024 ஏப்ரல் இறுதியில் அது அளவு மீறியது. வெப்பநிலை 41 டிகிரியைத் தாண்ட, வானிலைத் துறை வெப்ப அலை எச்சரிக்கை விடுத்தது. அடுத்த சில நாட்களில் கேரளத்தின் அன்றாட மின் நுகர்வு 11 கோடி யூனிட்டைக் கடந்தது. உச்ச நேரத் தேவை 5,700 மெகாவாட்டுக்கும் மேலே போனது. அதுவரை மாநிலம் காணாத அளவு அது. மன்னார்க்காடு பகுதியில் இரவு நேரக் கட்டுப்பாடு விதிக்க வேண்டியதாயிற்று.

மின் வாரியத்துக்கு அது மெகாவாட் கணக்கு. வீடுகளுக்கோ அது சுவருக்குள் ஓடும் ஒயரின் சூடு. தமிழக எல்லையை ஒட்டிய பெருமாட்டி போன்ற ஊராட்சிகளில் நாலு பல்பு, இரண்டு மின்விசிறிக்கென்று ஒயரிங் செய்த பழைய வீடுகள் இருக்கின்றன. பிறகு ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், ஏசி, இண்டக்‌ஷன் அடுப்பு. சாதனங்கள் மாறின. ஒயர் மாறவில்லை.

இந்தப் பகுதியில் தமிழும் மலையாளமும் சேர்ந்தே புழங்குகின்றன. வீட்டில் தீப்பிடித்தால் மலையாளப் பத்திரிகை 'ஷார்ட் சர்க்யூட்' என்று எழுதும். தமிழ் நாளிதழ் 'மின்கசிவு' என்று எழுதும். இரண்டும் ஒன்றல்ல. ஆனால் செய்தியும் விசாரணையும் பெரும்பாலும் அந்தச் சொல்லோடு முடிந்துவிடுகின்றன.

உண்மையில் வீட்டு மின்சாரம் தீயாக மாறுவதற்கு நான்கு வழிகள் உண்டு. முதலாவது, பேஸ் ஒயரும் நியூட்ரலும் நேரடியாக உரசும் ஷார்ட் சர்க்யூட். கண நேரத்தில் பெரும் மின்னோட்டம் பாயும், ஃபியூஸோ எம்.சி.பி.யோ உடனே துண்டித்துவிடும். இரண்டாவது, தாங்கும் அளவுக்கு மேல் சுமை. இதையும் எம்.சி.பி. பிடிக்கும், யாரும் அதைப் பெரிதாக மாற்றி வைக்காதவரை. மூன்றாவதுதான் நிஜமான மின்கசிவு: மின்சாரம் வழி தவறி நிலத்துக்குப் போவது. இதற்குக் காவல் ஆர்.சி.சி.பி.; ஊர் வழக்கில் இ.எல்.சி.பி. வீடுகளில் பொருத்தப்படுவது 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே துண்டித்துவிடும். ஷாக் அடிப்பதிலிருந்து உயிரைக் காப்பதும் அதுதான்.

நான்காவது வழி சத்தமில்லாதது. அதுதான் தளர்ந்த இணைப்பு.

பிளக் பாயின்ட்டில் ஒரு திருகு தளர்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 2,000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு சுமார் 9 ஆம்பியர் இழுக்கும். தளர்ந்த இடத்தின் மின்தடை அரை ஓம் என்றாலும் அந்தச் சிறு புள்ளியில் 40 வாட் வெப்பம் உருவாகும். ரேடியோ மெக்கானிக் கையில் இருக்கும் சால்டரிங் அயர்னின் சூடு அது. அதைச் சுற்றி இருப்பதோ பிளாஸ்டிக். எம்.சி.பி.யின் பார்வையில் ஓடுவது வெறும் 9 ஆம்பியர், அது அசையாது. மின்சாரம் நிலத்துக்குப் போகவில்லை, ஆர்.சி.சி.பி.யும் அசையாது. இரண்டு காவலரும் விழித்திருக்கும்போதே சுவர் எரியும்.

இதற்கும் கருவி இருக்கிறது. மின்பொறியைக் கண்டறிந்து துண்டிக்கும் பிரேக்கர்களை அமெரிக்காவின் 1999 மின் விதித் தொகுப்பு, புதிய வீடுகளின் படுக்கையறைகளுக்கு 2002 முதல் கட்டாயமாக்கியது. அதுவும் எல்லாத் தளர்ச்சியையும் பிடிக்காது. திருகை முடுக்குவதற்கு ஈடில்லை.

காரணத்தை அவசரமாக எழுதுவதன் விலை என்ன? கேரளத்திலேயே உதாரணங்கள் உண்டு. 2022 மார்ச் 8 அதிகாலையில் வர்க்கலா அருகே ஒரு வீட்டில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த 5 பேர் இறந்தார்கள், அவர்களில் ஒன்று கைக்குழந்தை. முதலில் சந்தேகம் விழுந்தது ஏசி மீது. பிறகு நடந்த ஆய்வு கார் நிறுத்தும் இடத்தையும் அங்கிருந்த எல்.இ.டி. விளக்கின் ஒயரையும் சுட்டியது. 2023 ஏப்ரலில், பாலக்காடு மாவட்டத்தை ஒட்டிய திருவில்வாமலையில் 8 வயதுச் சிறுமி இறந்தபோது, செல்போன் வெடித்தது என்று நாடே பேசியது. மாதங்கள் கழித்து வந்த ரசாயனப் பரிசோதனை காட்டியதோ வெடிமருந்தை.

சாதனமே காரணமாகும் விபத்துகளும் நடக்கின்றன. 2022 நவம்பர் 4 அன்று சென்னைக்கு அருகே ஊரப்பாக்கத்தில், நீண்ட நாள் பூட்டிக் கிடந்த வீட்டுக்கு வந்து தங்கிய குடும்பத்தில் 3 பேர் இறந்தார்கள். ஃபிரிட்ஜ் வெடித்ததாகவும், மூச்சுத் திணறலே மரணத்துக்குக் காரணம் என்றும் செய்திகள் வந்தன. வர்க்கலாவிலும் உயிரைக் குடித்தது புகைதான். வீட்டுத் தீயில் தப்பிக்கக் கிடைக்கும் நேரம் சில நிமிடங்களே. அடைத்த ஏசி அறையில் உறங்குபவருக்கு அதுவும் இல்லை.

விசாரணை என்றால் என்ன என்பதற்கு லண்டனைப் பார்க்கலாம். 2017 ஜூன் 14 அன்று கிரென்ஃபெல் டவர் எரிந்து 72 பேர் இறந்தார்கள். கட்டிடம் முழுக்கத் தீ பரவ முக்கியக் காரணம் வெளிச்சுவரில் ஒட்டிய எரியக்கூடிய பலகைகள். ஆனால் முதல் பொறி எங்கிருந்து வந்தது என்பதை விசாரணைக் குழு விடவில்லை. நான்காவது மாடி, 16ஆம் எண் வீடு, சமையலறையில் இருந்த ஃபிரிட்ஜ் என்று 2019 அறிக்கை பதிவு செய்தது. கம்ப்ரஸர் அருகே சரியாக இறுக்கப்படாத ஒரு ஒயர் இணைப்பு சூடேறியிருக்கலாம் என்பது நிபுணர் கருத்து. அங்கும் தளர்ந்த இணைப்புதான்! அந்த வீட்டில் குடியிருந்தவர் மீது எந்தத் தவறும் இல்லை என்பதும் பதிவானது. அதே ஆண்டு பிரிட்டனில், தீ அபாயம் உள்ள சுமார் 5 லட்சம் துணி உலர்த்தும் இயந்திரங்களைத் திரும்பப் பெற வேர்ல்பூல் நிறுவனம் நிர்ப்பந்திக்கப்பட்டது. எந்த மாடல் எங்கே எரிந்தது என்ற பதிவு இருந்ததால்தான் அது சாத்தியமாயிற்று.

இந்தியாவில் சட்டம் இல்லாமல் இல்லை. 2003 மின்சாரச் சட்டத்தின் 161ஆம் பிரிவின்படி, உயிரிழப்போ காயமோ நேர்ந்த மின் விபத்தை மின் ஆய்வாளருக்குத் தெரிவிக்க வேண்டும். அரசு விசாரணைக்கு உத்தரவிடலாம். ஆனால் ஃபிரிட்ஜும் சமையலறையும் மட்டும் எரிந்தால் அந்தப் பிரிவு எட்டாது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2020-ல் அமைந்த மத்திய ஆணையம், ஆபத்தான பொருள்களைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற உத்தரவிட முடியும். அதற்கு ஆதாரம் வேண்டும். ஆதாரமோ 'மின்கசிவு' என்ற ஒரே சொல்லில் கரைந்துபோகிறது.

அதுவரை வீட்டில் செய்யக்கூடியவை எளியவை. இண்டக்‌ஷன் அடுப்பு, கீசர், ஏசி ஆகியவற்றுக்குத் தனித்தனி ஒயரும் 16 ஆம்பியர் பாயின்ட்டும் தேவை. எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் அவற்றுக்கு இடமில்லை. பிளக் சூடாவது, சுவிட்ச் பழுப்பேறுவது, காரணமில்லாமல் மீன் வாடை வீசுவது எல்லாம் பிளாஸ்டிக் கருகுவதன் அறிகுறிகள். மெயினை அணைத்துவிட்டு லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனை அழைக்க வேண்டும். ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று தடித்த கம்பியைச் சுற்றுவது காவலாளியைக் கட்டிப்போடுவதற்குச் சமம். ஆர்.சி.சி.பி.யின் 'டெஸ்ட்' பொத்தானை அவ்வப்போது அழுத்திப் பார்க்க வேண்டும். புகையை உணர்ந்து ஒலிக்கும் சிறு அலாரம், வீட்டிலிருக்கும் டி.வி.யைவிடப் பல மடங்கு மலிவு.

பெருமாட்டி நாட்டுக்குப் புதிய பெயரல்ல. பிளாச்சிமடை இந்த ஊராட்சியில்தான் இருக்கிறது. கிணற்று நீர் ஏன் கெட்டது என்று 2002-ல் அங்கே மக்கள் கேட்ட கேள்வி, கோகோ கோலா ஆலைக்கு உரிமத்தைப் புதுப்பிக்க 2003-ல் ஊராட்சியையே மறுக்க வைத்தது. 2004 மார்ச்சில் ஆலை நின்றது. பொத்தாம்பொதுவான பதிலை ஏற்க மறுத்ததில் தொடங்கியது அது. எரிந்த வீட்டின் முன்னால் நின்றும் அப்படிக் கேட்கலாம்: எந்தச் சாதனம், எந்த இணைப்பு, எந்த ஒயர்?

'மின்கசிவு' அதற்குப் பதில் அல்ல.