பங்காளியா, மாமன் மச்சானா?

நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில், கல்வட்டங்களுக்குள் கொங்கு நாட்டு முன்னோர் உறங்குகிறார்கள். அருகருகே புதைக்கப்பட்டவர்கள் ஒருவருக்கொருவர் என்ன முறை? எலும்பில் மரபணு எஞ்சியிருந்தால் அதுவே சொல்லிவிடும்!

இங்கிலாந்தில் ஹேசில்டன் நார்த் என்னுமிடத்தில் 5,700 ஆண்டுப் பழமையான கல்லறை உண்டு. அங்கே ஆராயப்பட்ட 35 பேரில் 27 பேர் ஐந்து தலைமுறைக் குடும்பத்தார் என்று 2021-ல் தெரிந்தது. தந்தையும் மகனும் உண்டு. வயது வந்த மகள்களைக் காணோம். புக்ககம் போய்விட்டார்கள் போலும்!

நம் நாட்டு வெப்பமோ மரபணுவைச் சிதைத்துவிடுகிறது. அரியானாவின் ராகிகடியில் 60-க்கு மேற்பட்ட மாதிரிகளைச் சோதித்தும், ஒரே ஒரு பெண்ணின் மரபணுதான் 2019-ல் படிக்கக் கிடைத்தது. காதின் உட்புறக் கெட்டி எலும்பில்தான் அது நெடுங்காலம் தங்கும்.

ஆகவே, பெரியநாயக்கன்பாளையம் பக்கத்துக் காடுகளில் உழும்போது தாழி தட்டுப்பட்டால் உடைக்காதீர்கள். தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள். உடைந்தால் போவது பானை மட்டுமல்ல, ஒரு குடும்பத்தின் உறவுமுறையும் அல்லவா?