கணக்கு உதைத்தால்

வயிற்றுக்குள் வைத்த வெள்ளைத் துணி சில நிமிடங்கள்கூட வெள்ளையாக இருக்காது. ரத்தத்தில் ஊறிச் சுருண்டு, குடல் மடிப்புகளுக்கு நடுவே புகுந்துகொள்ளும். கண்ணுக்குச் சதை போலத் தெரியும், விரலுக்கும் சதை போலவே வழுக்கும். ஆபரேஷன் தியேட்டருக்குப் புதிதாக வரும் நர்ஸ் எண்ணப் பழக வேண்டியது இதனால்தான்.

தியேட்டர் பேச்சில் அந்தத் துணி 'மாப்'. பெரும்பாலும் ஐந்தைந்தாகக் கட்டி வரும். கைகழுவி, கவுன் போட்டு சர்ஜனோடு நிற்பவர் ஸ்க்ரப் நர்ஸ். சுற்றி நின்று சாமான் எடுத்துத் தருபவர் சர்க்குலேட்டிங் நர்ஸ். கத்தி தோலைத் தொடுவதற்கு முன் இருவரும் சேர்ந்து வாய்விட்டு எண்ணுவார்கள். ஒன்றோடொன்று ஒட்டிய மாப் கண்ணை ஏமாற்றும் என்பதால் ஒவ்வொன்றாகப் பிரித்துப் போடுவார்கள். ஒரு கட்டில் நாலோ ஆறோ இருந்தால் அந்தக் கட்டே ஒதுக்கப்படும். தொகை பலகையில் ஏறும். ஊசிக்கும் பிளேடுக்கும் கருவிகளுக்கும் இதே கணக்குதான். வயிற்றை மூடுமுன் மறுபடி எண்ண வேண்டும், தோலைத் தைக்கும்போது இன்னொரு முறை. நடுவில் நர்ஸ் மாறினால் அப்போதும்.

ஒன்று குறைகிறதா? தையல் நிற்கும். வயிற்றுக்குள் மீண்டும் கைவிட்டுத் தேடுவார்கள். விரிப்பின் மடிப்பு, தரை, குப்பை வாளி எல்லாம் அலசப்படும். அதற்காகவே கணக்கு நேராகும்வரை வாளியை அறையைவிட்டு வெளியே விடுவதில்லை. அப்போதும் அகப்படாவிட்டால் எக்ஸ்ரே. வெறும் பருத்தி எக்ஸ்ரேயில் தெரியாது. ஆகவே மாப்பில் ஓர் இழை சேர்த்திருப்பார்கள், பெரும்பாலும் நீல நிறத்தில். அதிலுள்ள பேரியம் சல்பேட் கதிர்களைத் தடுத்துவிடும். படத்தில், யாரோ கிறுக்கிய மாதிரி வளைந்து நெளிந்து ஒரு வெண்கோடு தெரியும். இருந்தும் முதல் காவல் எண்ணிக்கைதான்.

உள்ளேயே தங்கிவிட்டால் என்ன ஆகும்? பருத்தி என்பது செல்லுலோஸ். அதைக் கரைக்கும் நொதி மனித உடலில் இல்லை. உடல் அதைச் சுற்றி நார்த்திசுவால் கூடு கட்டும், அல்லது சீழ் பிடிக்கும். பல ஆண்டுகள் கழித்து ஸ்கேனில் கட்டி போலத் தெரிந்து நோயாளியைக் கலங்கடித்த துணிகளும் உண்டு. மருத்துவத்தில் இதற்கு 'கோசிபிபோமா' என்று பெயர். லத்தீனின் பருத்தியும் சுவாஹிலியின் மறைவிடமும் சேர்ந்த சொல்.

இப்படிப் பொருள் தங்கிப்போன 54 நோயாளிகளை அமெரிக்காவில் ஆராய்ந்து 2003-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். எண்ணிப் பார்த்திருந்த கேஸ்களில் 88 சதவீதத்தில், கடைசிக் கணக்கு சரி என்றே எல்லோரும் நம்பியிருந்தார்கள்! எண்ணத் தெரியாத குறை இல்லை அது. அவசர ஆபரேஷனில் இந்த அபாயம் 9 மடங்கு என்றும் அதே ஆய்வு சொன்னது. பதற்றத்தில் வாய் எண்ணும், கண் வேறெங்கோ இருக்கும்.

உலக சுகாதார நிறுவனம் 2008-ல் கொண்டுவந்த அறுவை சிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியலில் 19 அம்சங்கள். நோயாளி அறையை விட்டுப் போகுமுன், கணக்கு முடிந்ததை நர்ஸ் வாயால் உறுதி சொல்ல வேண்டும் என்பது அதில் ஒன்று. டெல்லி உட்பட 8 நகரங்களில் அந்தப் பட்டியலைப் பயன்படுத்திப் பார்த்தபோது, அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய மரணம் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்தது.

நம் ஊரில் பெரிய சர்ஜனிடம், "சார், ஒரு மாப் குறையுது" என்று சொல்ல, சேர்ந்து மூன்று மாதமே ஆன பெண்ணுக்கு நாக்கு எழாது. எனக்கு அது புரிகிறது. ஆனாலும் தங்கையே, அந்த மேஜையில் மயங்கிக் கிடப்பவரால் கேட்க முடியாது. கணக்கு உதைத்தால் உரக்கச் சொல். கிடைக்கும்வரை சொல்லிக்கொண்டே இரு.