கிச்சன் கப்போர்டு: கடப்பா கல்லா, பிளைவுட் பாக்ஸா, மாடுலரா? உங்க வீட்டுக்கு எது செட் ஆகும்?

பழைய கிச்சனை மாத்தணும்னு முடிவு பண்ணதும் நாம போன்ல முதல்ல தேடுறது கலரைத்தான். ஆனா, கப்போர்டு பல வருஷம் உழைக்குமா, சீக்கிரமே ஊறி உப்பிப் போகுமா என்பதைத் தீர்மானிப்பது கதவுக்குப் பின்னால் இருக்கும் கட்டுமானம். நம்ம ஊரில் பொதுவாக மூன்று வழிகள் இருக்கு.

கடப்பா கல் + ஃபிரேம்

பழைய வீடுகளில் மேடைக்குக் கீழே கடப்பா கல் தடுப்பு ஏற்கெனவே இருக்கும். அதை இடிக்காமல், முன்னால் ஃபிரேம் அடித்துக் கதவு மாட்டிடலாம். கல்லைக் கரையான் அரிக்காது. தண்ணீர் பட்டாலும் உப்பாது. இடிக்கிற செலவும் மிச்சம். மைனஸ் என்னன்னா, ஃபிரேம் இருபக்கமும் இடத்தைப் பிடிச்சுக்கும். டிராயரின் அகலம் அந்த அளவுக்குக் குறையும்.

ஆசாரி செய்யும் பிளைவுட் பாக்ஸ்

இதில் ஃபிரேம் கிடையாது. பாக்ஸின் பக்கப் பலகையிலேயே கீல் மாட்டுவாங்க. உள் அகலம் முழுசா கிடைக்கும். சுவர் கோணலா இருந்தாலும் அதுக்கேத்த மாதிரி வெட்டிக்கலாம். பிளைவுட்டில் உள்ள முத்திரையைப் பாருங்க. ‘எம்.ஆர்’ என்றால் ஈரப்பதத்தை ஓரளவு தாங்கும், அவ்வளவுதான். சிங்க்குக்குக் கீழே ‘ஐ.எஸ் 710’ மெரைன் பிளை போடுங்க. வெட்டிய ஓரங்களைத் திறந்தபடி விடக் கூடாது. தண்ணீர் நுழைவதே அந்த வழியாகத்தான்.

ஃபேக்டரி மாடுலர்

மெஷினில் வெட்டுவதால் ஃபினிஷிங் நீட்டா இருக்கும். வீட்டில் தூசி, சத்தம் குறைவு. ஆனா, ‘பாக்ஸ் எதுல செய்றீங்க?’ என்று கட்டாயம் கேளுங்க. பார்ட்டிகிள் போர்டு ஒருமுறை ஊறி உப்பிட்டா, காய்ந்தாலும் பழையபடி ஆகாது.

அப்போ எதை எடுக்கலாம்?

கல் தடுப்பு உறுதியா இருக்கு, பட்ஜெட் கம்மின்னா முதல் வழியே போதும். டிராயர் நிறைய வேணும்னா பாக்ஸ்தான் சரி. ரெண்டையும் கலக்கலாம்: சிங்க் பக்கம் கல்லை அப்படியே விட்டுட்டு, அடுப்புப் பக்கம் மட்டும் பிளைவுட் டிராயர்.

கொட்டேஷனில் ‘மெரைன் பிளை’ என்று இருந்தால், அது பாக்ஸுக்கா, கதவுக்கு மட்டுமா என்று தனித்தனியாக எழுதி வாங்குங்க.

இன்னொண்ணு, சிலிண்டரை கப்போர்டுக்குள் வைக்கிறீங்களா? சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் கீழேதான் தேங்கும். அதனால கதவின் அடிப்பகுதியில் காற்று போக வழி அவசியம். கலரை அப்புறம் பார்த்துக்கலாம். இதை முதல் நாளே ஆசாரிகிட்ட சொல்லிடுங்க!