வாங்காமல் போகிறவரையும் வரவாக்கலாம்

வாடிக்கையாளர் கேட்ட சரக்கு நம்மிடம் இல்லையென்றால், "எதிர்க் கடையில் கிடைக்கும்" என்று கைகாட்டி அனுப்புவது கடைவீதி வழக்கம். அவரும் நாளை நமக்கு ஓர் ஆளை அனுப்புவார். ஆனால் இணையதளம் வைத்திருக்கும் நம் வணிகர்கள் பலர், அங்கே வருகிறவரை மட்டும் வெறுமனே திருப்பி விடுகிறோம். மஞ்சள் மொத்த வியாபாரியின் தளத்துக்குக் கால் கிலோ கேட்டும் ஆள் வருகிறது. மூட்டைக் கணக்கில் விற்பவருக்கு அவர் உதவமாட்டார். சில்லறைக் கடைக்காரருக்கோ அவர்தான் வாடிக்கையாளர்.

இந்த உபரியைக் காசாக்கும் வழி புதிதன்று. 1996-இல் அமெரிக்காவில் டோனி ஷே, சஞ்சய் மதன் என்ற இரு இளைஞர்கள் லிங்க் எக்ஸ்சேஞ்ச் நிறுவனத்தைத் தொடங்கினர். உறுப்பினர் ஒருவர் தம் தளத்தில் மற்றவர்களின் விளம்பரத்தை இரண்டு முறை காட்டினால், அவருடைய விளம்பரம் வேறு தளத்தில் ஒரு முறை காட்டப்படும். பணப் பட்டுவாடா இல்லை, பண்டமாற்றுதான். மீதி ஒரு முறை? அதை நிறுவனம் காசு கொடுக்கும் விளம்பரதாரருக்கு விற்றது. 1998-இல் மைக்ரோசாஃப்ட் இதைச் சுமார் 26.5 கோடி டாலருக்கு வாங்கியது. மிச்சத்தின் விலை உறுப்பினர்களைவிட இடையில் நின்றவருக்கே நன்றாகத் தெரிந்திருக்கிறது!

2003-இல் கூகுளின் ஆட்சென்ஸ் வந்தது. தளத்தில் இடம் கொடுத்தால் விளம்பரத்தை அவர்களே போட்டு, வருவாயில் பங்கு தருகிறார்கள். வணிகருக்கு இதில் ஒரு வில்லங்கம். பக்கத்தில் உள்ள விஷயத்துக்கு ஏற்ற விளம்பரம் வருவதால், மஞ்சள் விற்பவர் பக்கத்தில் இன்னொரு மஞ்சள் வியாபாரி வந்து உட்காருவார். நம் கல்லாவுக்கு எதிரிலேயே போட்டியாளரின் பலகையை மாட்டிய கதைதான். வேண்டாத தள முகவரிகளைத் தடுக்க வசதி உண்டு. எத்தனை பேரைத்தான் தடுப்பது? விற்பனைப் பக்கங்களில் இதைத் தவிர்ப்பதே நல்லது என்பது நமது கருத்து.

நமக்குப் பழகியது தரகு. ஆள் அனுப்பி விற்பனை நடந்தால் கமிஷன் என்று அமேசான் 1996-லேயே தொடங்கிய முறை அதுதான். இதை நமக்குள்ளேயே செய்துகொள்ளலாம். தளம் அமைத்துக் கொடுத்தவரிடம், வருகிறவர் எந்த ஊரார், எந்தப் பக்கத்தோடு திரும்பிப் போகிறார் என்ற கணக்கை முதலில் கேட்டு வாங்க வேண்டும். பிறகு "சில்லறையாக வேண்டுவோர்" என்று ஓர் இணைப்பைப் போட்டு, நம்பகமான சில்லறை வணிகரின் தளத்துக்கு அனுப்பலாம். இணைப்பின் முகவரியில் ஓர் அடையாளக் குறியைச் சேர்த்தால், எத்தனை பேர் போனார்கள், எத்தனை பேர் வாங்கினார்கள் என்பது தெரிந்துவிடும். தரகு ரொக்கமா, பதிலுக்கு மொத்தக் கிராக்கியை அனுப்புவதா என்பதை முன்கூட்டியே எழுத்தில் வைத்துக்கொள்வது மனக்கசப்பைத் தவிர்க்கும்.

விசாரித்தவர்களின் கைப்பேசி எண்களைத் தொகுத்து விலைக்குக் கொடுப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். படிப்படியாக நடைமுறைக்கு வரும் 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அபராத அட்டவணை 250 கோடி ரூபாய் வரை நீள்கிறது. தளத்தில் விசாரணைப் படிவம் வைத்திருப்போர், எண்ணை எதற்காகக் கேட்கிறோம் என்ற விவரமும் ஒப்புதலும் அதில் இருக்கின்றனவா என்று இப்போதே பார்த்துக்கொள்ளலாம்.