தேக்கடி ஏரியில் மூங்கில் தெப்பமும் மீன்வலையும்

போடிநாயக்கனூரில் பிறந்தவர்களுக்கு மலை என்றால் ஏலக்காய். விடியற்காலையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு ஏறும் ஜீப்புகள். மலை என்றவுடன் மீன் யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை. எனக்கும் வந்ததில்லை. சென்ற கோடை விடுமுறையில், குமுளிப் பக்கம் ஏலத்தோட்டத்தில் வேலை பார்க்கும் தாய்மாமா வீட்டிற்குச் சென்றிருந்தேன். அப்போது ஒரு நாள் தேக்கடி ஏரியில் மூங்கில் தெப்பத்தில் செல்லும் வாய்ப்புக் கிடைத்தது. விலங்கியல் மாணவன் என்ற முறையில் அன்று கண்டதையும், பின்னர் நூல்களைப் புரட்டித் தெரிந்துகொண்டதையும் நண்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

புறப்படும்போதே அம்மா, "அந்தத் தண்ணியில மட்டும் ஏறாதடா" என்றார்கள். காரணம் இருந்தது. 2009 செப்டம்பர் 30 அன்று இதே ஏரியில் 'ஜலகன்யகா' என்ற சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் மாண்டனர். எங்களை அழைத்துச் சென்ற மன்னான் இனப் பெரியவரிடம் இதைச் சொன்னேன். அவர் சிரித்தார். "அது மாடி வச்ச படகு தம்பி. இது தண்ணியோட தண்ணியாக் கெடக்கும், கவுறாது" என்றார்.

அவர் சொன்னதன் விஞ்ஞானத்தைச் சற்றுப் பார்ப்போம். மூங்கிலின் ஒவ்வொரு கணுவிலும் உள்ளே ஓர் அடைப்பு உண்டு. ஆகவே இரண்டு கணுக்களுக்கு இடைப்பட்ட பகுதி ஒவ்வொன்றும் மூடிய காற்றறை ஆகிறது. ஒன்றில் விரிசல் விழுந்தாலும் மற்றவை மிதக்கும். தெப்பம் அகலமானது, எடை நீர்மட்டத்தை ஒட்டியே இருப்பதால் எளிதில் சாயாது. தோணியில் ஓட்டை விழுந்தால் நீர் நிரம்பும். தெப்பத்திலோ நீர் மூங்கில்களுக்கிடையே வந்து போய்க்கொண்டே இருக்கிறது. வேகம் கிடையாது, காற்றடித்தால் துடுப்புப் போட்டுக் கை ஓய்ந்துவிடும் என்பவை இதன் குறைகள். நான் அவசரப்பட்டு எழுந்து நின்றதில் தெப்பம் சற்றே ஆடி, மாமி கட்டித் தந்த புளிச்சாதப் பொட்டலம் ஏரிக்குப் போனது. அது தெப்பத்தின் குற்றமன்று.

இந்த ஏரிக்குத் தெப்பம் பொருந்துவதற்கு இன்னொரு காரணம், நீரில் நிற்கும் பட்ட மரங்கள். பென்னிகுயிக் கட்டிய முல்லைப்பெரியாறு அணையில் 1895இல் நீர் தேங்கியபோது, பள்ளத்தாக்கின் காடு நின்ற நிலையிலேயே மூழ்கியது. மரத்தை மக்கச் செய்யும் பூஞ்சைகளுக்குக் காற்று வேண்டும். ஆழத்தில் அது குறைவு என்பதால் நூறாண்டு கடந்தும் அடிமரங்கள் நிற்கின்றன. நீருக்கு வெளியே தெரியும் மரங்களில் நீர்க்காகங்கள் சிறகை விரித்துக் காய்கின்றன. நீருக்குள் மறைந்திருப்பவைதாம் ஆபத்து. ஆழ அமிழும் படகு அவற்றில் மோதும்; தெப்பம் மேலே வழுக்கிச் சென்றுவிடும்.

இது புலிகள் காப்பகம். வெளியார் இங்கே தூண்டிலும் போடக்கூடாது. மீன்பிடிப்போர் மன்னான், பளியர் இனத்தவர். ஒரு காலத்தில் இக்காட்டினுள்ளேயே வாழ்ந்து, பின்னர் குமுளியை ஒட்டிக் குடியமர்த்தப்பட்டவர்கள். மாலையில் செவுள்வலையை விரித்து ஒரு முனையைப் பட்ட மரத்தில் கட்டிவிட்டு, காலையில் வந்து எடுக்கிறார்கள். மீன் தலையை வலைக்கண்ணில் நுழைக்கும்; பின்வாங்கும்போது செவுள் மாட்டிக்கொள்ளும். கண்ணின் அளவுக்கேற்ற மீனே சிக்கும். இடையில் நீர்நாய்க் கூட்டம் வந்தால் மீனும் போகும், வலையும் கிழியும்.

வலை எடுத்துத் திரும்பிய தெப்பம் ஒன்று எங்கள் அருகில் வந்தது. ஆவலுடன் எட்டிப் பார்த்தேன். கிடந்தவை நம் சந்தையில் கிடைக்கும் ஜிலேபியும் சாதாக்கெண்டையும்! ஜிலேபி ஆப்பிரிக்க மீன். 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. சாதாக்கெண்டையின் ஒரு வகை 1939இல் இலங்கையிலிருந்து நீலகிரிக்கு வந்தது. "ஆத்து மீனெல்லாம் எங்கே?" என்று கேட்டேன். "எங்கப்பா காலத்துல குயில் மீனு நெறையா விழுமாம். இப்ப மேலே ஓடைக்குப் போகணும் தம்பி" என்றார் பெரியவர்.

ஓடும் நீரிலும் கூழாங்கல்லிலும் வாழப் பழகிய மீன்களுக்குத் தேங்கிய நீர் ஒத்துவராது. வந்தேறிகளுக்கோ அதுவே சொர்க்கம். ஜிலேபித் தாய் முட்டைகளை வாயிலேயே வைத்துப் பொரிக்கும். சாதாக்கெண்டை சேற்றைக் கிளறி வயிறு வளர்க்கும். போதாதற்கு, நாட்டில் தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தியும் இங்கே நுழைந்துவிட்டது.

ஓடைகளுக்கு ஒதுங்கியவற்றுள் ஒரு மீனைப் பற்றிப் படித்தபோது வியந்துபோனேன். லெபிடோபைகாப்சிஸ் டைபஸ் என்பது அதன் பெயர். 1941இல் சுந்தரராஜ் என்ற மீனியல் அறிஞர் இதனை உலகுக்கு அறிவித்தார். இதன் நெருங்கிய உறவினங்கள் இமயத்தின் குளிர்ந்த ஆறுகளில் வாழ்பவை என்று நெடுங்காலம் கருதப்பட்டது. இது மட்டும் பெரியாற்றின் மேற்பகுதியில் தன்னந்தனியே வாழ்கிறது. உலகில் வேறெங்கும் இல்லை. இமயத்து மீனினங்கள் சாத்பூரா மலைத்தொடர் வழியாகத் தெற்கே பரவின என்றார் சுந்தர்லால் ஹோரா. பின்வந்தோர் பலர் அதை ஏற்கவில்லை. எப்படி வந்ததோ, இன்று அது அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் பட்டியலில் இருக்கிறது.

ஜிலேபியை ஒழித்துவிட்டால் தீருமா என்று கேட்கலாம். ஏரி முழுவதும் பரவிய மீனை வலை போட்டு ஒழிக்க இயலாது. மேலும், பெரியவர் வீட்டில் உலை கொதிப்பது அந்த ஜிலேபியால்தான். அணையைக் குறை சொல்லவும் எனக்கு நா எழவில்லை; கம்பம் பள்ளத்தாக்கின் நெல் அந்தத் தண்ணீரில் விளைவது, அதை உண்டு வளர்ந்தவன் நான். செய்யக்கூடியது ஒன்றுண்டு. மேல் ஓடைகளுக்குள் இந்த வந்தேறிகள் ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். புதிதாக எந்த மீன்குஞ்சையும் யாரும் கொண்டுவந்து விடக்கூடாது. எந்த ஓடையில் எந்த மீன் இன்னும் இருக்கிறது என்பதை அறிய, நம் நூல்களோடு அந்தப் பெரியவரையும் கேட்க வேண்டும்.

ஊர் திரும்பியதும் எங்கள் துறையின் அருங்காட்சியக அலமாரியைத் தேடிப் பார்த்தேன். ஜிலேபி இரண்டு குப்பிகளில் இருக்கிறது. டைபஸ் இல்லை. நூலிலிருந்து அதன் படத்தைப் பெரிதாக வரைந்தேன். பேராசிரியர் அதைச் சுவரில் மாட்ட அனுமதித்திருக்கிறார்.